பாதியில் நின்ற கிளிப் சிகிச்சை: மீதித் தவணையையும் கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: நான் கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறேன். கணவருக்கு வெளியூரில் வேலை. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தெத்துப்பல். போன மே மாத லீவில் ஈரோட்டில் உள்ள ஒரு பல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பல ஊர்களில் கிளை உள்ள நிறுவனம். கிளிப் போட மொத்தம் 72,000 ரூபாய் என்றார்கள். 24,000 ரூபாயைக் கையோடு கட்டினேன். மீதிக்கு மாதம் 4,000 வீதம் 12 தவணை, வட்டி கிடையாது என்றார்கள். வரவேற்பில் இருந்த பெண் கேட்டதும் போனில் வந்த ஓ.டி.பி.யைச் சொன்னேன். அது ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் எடுத்த கடன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நான்கு பல்லை எடுத்துவிட்டு கிளிப் போட்டார்கள். நான்கு முறை போனதில் மூன்று டாக்டர்கள் மாறினார்கள். டிசம்பரில் போனால் ஷட்டரில் 'பராமரிப்புப் பணி' என்று தாள் ஒட்டியிருந்தது. இன்றுவரை திறக்கவில்லை. கோவை கிளைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால், "உங்க ஃபைல் இங்க இல்லைங்க, புதுசா 30,000 கட்டுங்க" என்கிறார்கள். இரண்டு பிராக்கெட் கழன்றுவிட்டது, கம்பி முனை கன்னத்தைக் குத்துகிறது. ஒன்பது தவணை போய்விட்டது. 'கட்டிய பணம் திரும்பத் தரப்படாது' என்ற தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மீதி மூன்று தவணையை நிறுத்தலாமா? போலீஸுக்குப் போகலாமா? வழக்குப் போட்டால் நிற்குமா?

பதில்: வழக்கு நிற்கும். ஆனால் அதற்கு முன்னால் இந்த வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மகளை வேறொரு பல் சீரமைப்பு நிபுணரிடம், அதாவது அந்தப் பிரிவில் எம்.டி.எஸ். படித்தவரிடம், கூட்டிப் போங்கள். வேறு டாக்டரிடம் போனால் வழக்கு கெட்டுவிடும் என்று நினைத்துப் பிள்ளையை வலியோடு வைத்திருக்கும் பெற்றோரைப் பலமுறை பார்த்துவிட்டேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நஷ்டம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாதிக்கப்பட்டவரின் பொறுப்பு என்றுதான் நீதிமன்றங்கள் கருதுகின்றன. மூன்று மாதமாக யாரும் பார்க்காத கிளிப் சும்மா இருப்பதில்லை. பிராக்கெட்டைச் சுற்றி உணவு தங்கி எனாமலில் வெள்ளைத் திட்டு விழும். பல் எடுத்த இடைவெளியில் பக்கத்துப் பற்கள் தாறுமாறாகச் சாயும்.

புதிய டாக்டர் எதையும் கழற்றும் முன், இப்போதிருக்கும் நிலையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாயின் உள்பக்கப் புகைப்படங்கள், எல்லாப் பற்களும் ஒரே படத்தில் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, பல் அச்சு மாதிரி. கூடவே, 'இன்ன தேதியில் பரிசோதித்தேன், சிகிச்சை இந்தக் கட்டத்தில் நிற்கிறது, இத்தனை பிராக்கெட் கழன்றிருக்கிறது, முடிக்க இவ்வளவு காலமும் செலவும் ஆகும்' என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். முந்தைய டாக்டர் தப்பு செய்தார் என்று எழுதித் தரும்படி கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பல டாக்டர்கள் பின்வாங்கிவிடுவார்கள். கண்ட நிலையை மட்டும் எழுதித் தரச் சொன்னால் தயங்கமாட்டார்கள், உங்களுக்கும் அது போதும். தனியாரிடம் செலவு தாங்காது என்றால் கோவை, திருச்செங்கோடு பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்குள்ள பல் சீரமைப்புத் துறையில் பொதுவாகக் கட்டணம் குறைவு. கல்லூரித் துறையின் சான்றுக்கு, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்திலும் நல்ல மதிப்பு உண்டு.

இப்போது வழக்குக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். 'நான்கு பல்லைப் பிடுங்கியதே தவறு' என்று ஆரம்பித்துவிடுவார்கள். தாடையில் இடம் போதாதபோது முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டுக் கிளிப் போடுவது உலகெங்கும் உள்ள முறைதான். அது தவறு என்று ஒரு நிபுணர் எழுதித் தராத வரை மனுவில் அந்த வரியே வேண்டாம். சிகிச்சை முறையைத் தாக்கினால் அது மருத்துவக் கவனக்குறைவு வழக்காகிவிடும். எதிர்தரப்பு பத்து மருத்துவப் புத்தகங்களோடு வந்து நிற்கும், வழக்கு நீளும். உங்கள் வழக்கு அதைவிட எளிமையானது. முழுச் சிகிச்சைக்கு விலை பேசினார்கள், பணம் வாங்கினார்கள், பல்லை எடுத்தார்கள், பாதியில் கைவிட்டார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு இதுதான். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் அதில் அடங்கும், சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். ஷட்டர் மூடியிருந்ததை நிரூபிக்க மருத்துவ நிபுணர் தேவையில்லை. எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010இல் வி.கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

'டாக்டர்கள் மேல் நுகர்வோர் வழக்குப் போட முடியாது' என்று கோவை கிளையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995இல் வி.பி.சாந்தா வழக்கிலேயே முடிவான விஷயம். புதிய சட்டத்திலும் அதுவே நிலை என்று 2022இல் மறுபடி உறுதியானது. பணம் கட்டிய நீங்களும் நுகர்வோர், சிகிச்சை பெற்ற மகளும் நுகர்வோர். 1998இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்குத் தனியாகவும், மன வேதனைக்காகப் பெற்றோருக்குத் தனியாகவும் இழப்பீடு கொடுத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதனால் மகள் பெயரிலும் (காப்பாளராக நீங்கள்) உங்கள் பெயரிலும் சேர்த்தே மனுப் போடுங்கள்.

மூன்று டாக்டர்களின் முழுப் பெயரும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதற்காகத் தயங்க வேண்டாம். தன்னிடம் வேலை செய்யும் டாக்டர்களுக்கு மருத்துவமனைதான் பொறுப்பு. டாக்டரை வழக்கில் சேர்க்கவில்லை என்பதற்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று 2004இல் சவிதா கார்க் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. ஈரோட்டுக் கிளை, நிறுவனத்தின் தலைமை அலுவலகம், நிதி நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள்.

'பணம் திரும்பத் தரப்படாது' என்ற தாளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நீங்களாக மனம் மாறிச் சிகிச்சையை நிறுத்தியிருந்தால் அந்த வரிக்கு ஏதாவது அர்த்தம் இருந்திருக்கும். அவர்களே கடையை மூடிக்கொண்டு போன பிறகு, செய்யாத வேலைக்கான பணத்தை வைத்துக்கொள்ள அது உரிமை தராது. குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே இந்தச் சட்டம் பட்டியலிடுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். 'அந்த ஒப்பந்தமே செல்லாது என அறிவிக்க வேண்டும்' என்று கேட்டுவிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போகும். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வேலை முடியும்.

அடுத்து தவணை. கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் வங்கிக் கணக்கைக் காலியாக வைத்து ஆட்டோ டெபிட்டைத் திரும்ப விடாதீர்கள். செக் திரும்பினால் என்ன சிக்கலோ அதே சிக்கல் இதிலும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா முறைகள் சட்டத்தின் பிரிவு 25 அதைக் குற்றமாக்குகிறது. அபராதக் கட்டணமும் சிபில் மதிப்பெண் (கடன் நாணயத்தைக் காட்டும் மதிப்பெண்) சரிவும் தனி. நிதி நிறுவனத்தின் கண்ணில் கடன்காரர் நீங்கள்தான், மருத்துவமனை அல்ல.

அதனால் இன்றே அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். மருத்துவமனை சிகிச்சையைக் கைவிட்டுவிட்டது, இதைக் கடன் என்று எனக்கு யாரும் விளக்கவில்லை, வசூலை நிறுத்தி வையுங்கள், கடன் ஒப்பந்தமும் கடன் விவரத் தாளும் அனுப்புங்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையதளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடும்போதே வசூலுக்கு இடைக்காலத் தடையும் கேளுங்கள், பிரிவு 38(8) அதற்கு இடம் தருகிறது. தடை வருவதற்குள் தவணைத் தேதி வந்துவிட்டால், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டுக் கட்டிவிடுங்கள். மீதி 12,000 ரூபாய்தான். அதையும் சேர்த்து மருத்துவமனையிடம் கேட்கலாம். இந்தத் தொகைக்காகக் குற்ற வழக்கு நோட்டீஸ் வாங்குவதும், நாளைக்குப் பிள்ளையின் கல்லூரிக் கடனுக்கு அலைவதும் வேண்டாமே.

ஆதாரம் பற்றி ஒரு அனுபவம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு வழக்கு என்னிடம் வந்தது. தந்தை ஒரு மஞ்சப்பையில் எல்லா ரசீதையும் வைத்திருந்தார். மருத்துவமனை தாக்கல் செய்த பதிலுரையில் ஒரே வரி: 'நோயாளி தானாகவே வருவதை நிறுத்திக்கொண்டார்.' எனக்குக் கொஞ்சம் கலக்கமாகவே இருந்தது. அந்தப் பையின் அடியில் மடங்கிக் கிடந்த அப்பாயின்ட்மென்ட் அட்டைதான் காப்பாற்றியது. ஒவ்வொரு தேதியும் மருத்துவமனைக்காரர் கையெழுத்தில் இருந்தது. கடைசித் தேதிக்கு ஈரோடு வந்துபோன பஸ் டிக்கெட்டைப் பையனின் அம்மா அதே அட்டையில் பின் அடித்து வைத்திருந்தார். பதிலுரையில் இருந்த அந்த வரி அதோடு விழுந்தது.

உங்களிடமும் இதே பதிலைத்தான் சொல்வார்கள் என்று வைத்துக்கொண்டு சேகரியுங்கள். வர முயன்றது நீங்கள், இல்லாமல் போனது அவர்கள் என்பது தாளில் தெரிய வேண்டும். ஷட்டரையும் அதில் ஒட்டிய தாளையும், பெயர்ப் பலகை தெரிய, மறுபடி போய்ப் படம் எடுங்கள். போனில் அழைப்புப் பட்டியல் நாளடைவில் அழிந்துவிடும், இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோவை கிளையில் 30,000 கேட்டதை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கப் பாருங்கள். 'நீங்கள் நேரில் சொன்னபடி 30,000 கட்டினால்தான் தொடர்வீர்களா?' என்று நீங்களே ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் வந்தாலும் ஆதாரம், பார்த்தும் மறுக்காமல் இருந்தாலும் உங்களுக்குச் சாதகம். இந்தப் பதிவுகளை அச்செடுத்துத் தரும்போது 2023 சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63இல் சொன்ன சான்றிதழையும் (அந்தப் பதிவு எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று உறுதி சொல்லும் தாள்) இணையுங்கள்.

சிகிச்சைக் கோப்பின் நகலும் கேளுங்கள். முதல் எக்ஸ்ரே, அச்சு மாதிரி, சிகிச்சைத் திட்டம், ஒவ்வொரு முறையும் பார்த்த டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும். கோப்பைப் பராமரிப்பதும் கேட்டால் கொடுப்பதும் பல் மருத்துவர்களின் 2014 நெறிமுறை விதிகளின்படி கடமை. 'ஃபைல் இங்கே இல்லை' என்ற பதிலே அவர்களுக்கு எதிராகப் போகும்.

பிறகு வக்கீல் நோட்டீஸ். நீங்களே கூட எழுதி அனுப்பலாம். 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையோடு, கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். மூடிய கிளையிலிருந்து கவர் திரும்பி வரும். அதைப் பிரிக்காதீர்கள். தபால்காரர் எழுதிய குறிப்போடு அப்படியே மனுவில் வைக்க வேண்டும்.

பழைய சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் ஊருக்கோ பிரச்சினை நடந்த ஊருக்கோ போக வேண்டும். இப்போது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் கவலையில்லை. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் வழிமுறை கேட்கலாம். கெடு இரண்டு வருடம், டிசம்பரிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நடுவில் ஆணையம் சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்காமல் போய்ப் பாருங்கள். கிளைகள் உள்ள நிறுவனங்கள் பெயர் கெடாமல் இருக்க அங்கேயே பணத்தைக் கொடுத்து முடிப்பதும் உண்டு.

எவ்வளவு கேட்பது? 20 லட்சம் என்று போடச் சொல்லும் ஆட்கள் இருப்பார்கள். வேண்டாம். கட்டிய 60,000 ரூபாய் (பிறகு கட்டும் தவணைகளும் சேர்த்து), புதிய டாக்டர் மதிப்பிட்ட தொகையில் உங்களுக்குக் கூடுதலாகும் பகுதி, போக்குவரத்து, மகளுக்கும் உங்களுக்கும் மன வேதனைக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. ஒவ்வொன்றுக்கும் தாள் இருந்தால் ஆணையம் மனமுவந்து கொடுக்கும்.

போலீஸ் விஷயம். ஒரு டாக்டர் மேல் குற்ற வழக்குப் போட மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்று 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சொல்கிறது. உங்கள் விஷயம் அது இல்லை. மூடப் போகிறோம் என்று தெரிந்தே பலரிடம் பணம் வாங்கியிருந்தால் மோசடிப் புகாருக்கு இடம் உண்டு. அதே கிளையில் ஏமாந்த மற்ற பெற்றோரைத் தேடுங்கள். பலர் சேர்ந்து கொடுத்தால்தான் அந்தப் புகாருக்கு வலு. கிளினிக்குகளைப் பதிவு செய்வது மாவட்ட மருத்துவ இணை இயக்குநர் அலுவலகம், அங்கேயும் ஒரு புகார் கொடுங்கள். மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் டாக்டர் மேல் நடவடிக்கை எடுக்கலாம், பணம் வாங்கித் தராது. எம்.டி.எஸ். படிக்காமல் நிபுணர் என்று போர்டு போட்டிருந்தார்களா என்று பார்க்க அந்த வழி உதவும்.

கடைசியாக ஒன்று. புதிய டாக்டர் பழைய பிராக்கெட்டுகளைக் கழற்றும்போது குப்பையில் போட்டுவிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே கழன்ற இரண்டையும் சேர்த்து ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, டாக்டரின் கையெழுத்து வாங்கி, அப்பாயின்ட்மென்ட் அட்டையோடு வையுங்கள்.