மகனுக்கு ஃபோலி வேலை: குடியாத்தத்து அம்மாவுக்குப் பதில்

கேள்வி: மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். சினிமாவுக்குச் சத்தம் கொடுக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறான். கொட்டாங்குச்சி, முறம், என் பட்டுப் புடவை என்று எதையாவது எடுத்துத் தட்டிக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருக்கிறான். இப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா? இதற்குப் படிப்பு உண்டா?

பதில்: இருக்கிறது அம்மா. இதற்கு ஃபோலி என்று பெயர். பேசும்படம் வந்த புதிதில், 1920களின் கடைசியில், அமெரிக்காவின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஜாக் ஃபோலி, திரையில் ஓடும் காட்சியைப் பார்த்தபடியே சத்தங்களை எழுப்பிப் பதிவு செய்தார். அவர் பெயரே தொழிலுக்கும் நிலைத்துவிட்டது.

தமிழ்ப் படங்களுக்கு இந்த வேலை கட்டாயம் தேவைப்படுவதற்குக் காரணம் டப்பிங். படப்பிடிப்பு முடிந்த பிறகு நடிகர் டப்பிங் தியேட்டரில் வசனம் பேசும்போது படப்பிடிப்பில் பதிவான ஒலியைக் கழற்றிவிடுவார்கள். வசனத்தோடு நடை, தாழ்ப்பாள், டம்ளர் வைக்கிற சத்தம் எல்லாமே போய்விடும். தமிழ்ப் படத்தைத் தெலுங்கிலோ இந்தியிலோ கொண்டுபோகும்போதும் இதே நிலைதான். போனதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப உண்டாக்க வேண்டும்.

கொட்டாங்குச்சியில் குதிரைக் குளம்பு, சோளமாவு கட்டிய பையைப் பிசைந்தால் பனியில் நடக்கும் சத்தம், செலோபேன் தாளைக் கசக்கினால் நெருப்பு, தோல் கையுறையை உதறினால் பறவைச் சிறகு, கேரட்டை ஒடித்தால் எலும்பு முறிவு. இவற்றை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். உங்கள் மகனுக்குப் பிடித்திருப்பதும் இந்தப் பகுதிதான். ஆனால் ஃபோலி அறையில் பெரும்பாலான நேரம் போவது காலடிக்கு. இரண்டு மணி நேரப் படத்தில் யார் நடந்தாலும், எந்தத் தரையில் நடந்தாலும், ஃபோலி கலைஞர்தான் நடந்து கொடுக்க வேண்டும். அந்தச் சலிப்பை அவன் தாங்குவானா என்று பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். ஆறு வாரம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

மூன்றடிக்கு இரண்டடி, நான்கு அங்குல உயரத்தில் ஒரு மரத்தட்டு செய்யச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஆற்று மணல், அடுத்த வாரம் ஜல்லி, பிறகு சருகு. தட்டை மாடியில் வைக்கக் கூடாது, தரைத்தளத்தில் வைக்க வேண்டும். அடியில் பழைய ஜமக்காளத்தை மடித்துப் போடாவிட்டால் ஒவ்வொரு அடியும் காலிப் பெட்டியைத் தட்டியதுபோலக் கேட்கும். மணல் ரொம்பக் காய்ந்திருந்தால் தூசி எழும்பி மைக்கில் படியும், ஆகவே லேசாக நீர் தெளிக்கட்டும். மைக் நகராது என்பதால் நின்ற இடத்திலேயே நடக்க வேண்டும். குதிகாலில் தொடங்கி விரல் வரை பாதத்தை உருட்டி வைத்தால்தான் நடைபோலக் கேட்கும். தட்டையாக வைத்தால் மிதிப்பதுபோல இருக்கும்.

செருப்பு விஷயத்தில் உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வசதி அதிகம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் அடி, ரப்பர் அடி, மரக்குதி என்று எல்லா வகை ஷூவும், தோல் துண்டும் கிடைக்கும். இந்தத் தொழிலில் அதுதான் மூலதனம். விலைக்குக் கிடைக்கும் ஒலித் தொகுப்புகளில் பூட்ஸ் நடைக்குப் பஞ்சமில்லை. சிமெண்ட் தரையில் ஹவாய் செருப்பு சளக் சளக்கென்று அடிப்பதும், வெறுங்காலோடு கொலுசு போவதும், ஆரணிப் பட்டு சரசரப்பதும் அவற்றில் எளிதில் அகப்படாது. புடவையை அவன் எடுத்தது சரியான காரியம்தான் அம்மா, பழையதாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.

பதிவுக்குத் தொடக்கத்தில் கைப்பேசி போதும். சாதாரண ரெக்கார்டர் செயலி பேச்சுக்கென்று அமைந்தது. காலடியை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி ஒலி அளவையும் அணைக்கக்கூடிய செயலியில், வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்சில் பதியட்டும். நடைக்கு மூன்றடி தூரம், துணிக்கு ஓரடி. செயலி காட்டும் ஒலி அளவுமானியில் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைச் சுற்றி நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. மின்விசிறி, ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்த வேண்டும். வேலூர் வெயிலில் விசிறி இல்லாமல் உட்காருவது கொடுமை என்பதால் இரவு பதினொரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். கைக்கடிகாரம், கையில் கயிறு, சட்டைப்பையில் சாவி எதுவும் கூடாது.

ஒரு நிமிடக் காட்சியை எடுத்து மூன்று சுற்று செய்யட்டும். முதலில் முழுக்காட்சிக்கும் துணி அசைவு, பிறகு காலடி, கடைசியில் பொருள்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே படத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்), அதாவது ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 42 மில்லிநொடி. இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளினாலே கண் கண்டுபிடித்துவிடும். திரையில் நடப்பவரின் பாதத்தைப் பார்த்து அடி வைத்தால் எப்போதும் பிந்தும். தோளைப் பார்க்க வேண்டும், அடி விழப்போவதைத் தோள் முன்கூட்டியே சொல்லிவிடும்.

ஆறு வாரத்தில் பத்துக் காட்சி முடித்து, முதல் காட்சியைத் தானே திரும்பச் செய்ய ஆசைப்பட்டான் என்றால் நம்பிப் படிக்க வையுங்கள். கொட்டாங்குச்சியோடு நின்றுவிட்டால் அது பொழுதுபோக்கு, அதிலும் தவறில்லை.

படிப்புக்கு வருகிறேன். இயற்பியலை எக்காரணம் கொண்டும் விட வேண்டாம். பல ஒலிப் படிப்புகளில் சேர பிளஸ் டூவில் அதைக் கேட்பார்கள். சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூவுக்குப் பிறகே ஒலிப்பதிவு படிக்கலாம். புனே திரைப்படக் கல்லூரிக்கும் கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்துக்கும் பட்டம் முடித்துத்தான் போக முடியும், நுழைவுத் தேர்வு உண்டு. 2009இல் ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர். தனியார் பயிற்சி மையம் என்றால் பணம் கட்டுமுன் ஃபோலி அறையைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை வகைத் தரை பதித்திருக்கிறார்கள், ஒரு மாணவருக்கு வாரம் எத்தனை மணி நேரம் மைக் முன்னால் கிடைக்கும் என்று கேளுங்கள். கணினி அறையை மட்டும் காட்டினால் அங்கே சேர்க்க வேண்டாம்.

வருமானத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். முழுநேர ஃபோலி கலைஞர்கள் மிகக் குறைவு, வேலை படத்துக்குப் படம்தான் வரும், சம்பளத் தேதி என்று ஒன்று கிடையாது. அதனால் ஒலி எடிட்டிங்கையும் படப்பிடிப்பு ஒலிப்பதிவையும் சேர்த்தே கற்றுக்கொள்ளட்டும். ஃபோலி இல்லாத மாதத்தில் சோறு போடுவது அவைதான். முதல் இரண்டு வருடம் சென்னையில் தங்கும் செலவை நீங்கள் தாங்க முடியுமா என்று இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். காட்பாடியிலிருந்து ரயிலில் தினமும் போய்வரலாம் என்ற கணக்கு இதற்கு ஒத்துவராது, பதிவு நள்ளிரவு தாண்டியும் நடக்கும்.

இன்னொன்று, சேர்க்கைக்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு கேட்புத்திறன் சோதனை எடுத்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். இயர்போனில் அதிகச் சத்தம் வைத்துக் கேட்கும் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.