பாண்டவர் வீட்டைப் பூட்டணுமா டீச்சர்?

கேள்வி: எங்க ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் சார். கரட்டு மேல இருபது பாண்டவர் வீடு இருக்கு, ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க. யாரோ வீடியோ போட்டதுல இருந்து ஞாயித்துக்கிழமையானா பைக்ல கூட்டம் கூட்டமா வர்றாங்க. மேல ஏறி நின்னு ஃபோட்டோ எடுக்கறாங்க, உள்ள அடுப்பு மூட்டறாங்க, பேரு எழுதறாங்க. ஒண்ணு சாஞ்சு நிக்குது. ஊர்ப் பசங்க நாப்பதாயிரம் சேத்து வச்சிருக்காங்க, சுத்தி கம்பி வேலி போட்டுப் பூட்டிடலாம்ங்கறாங்க. ஒரு கான்ட்ராக்டர் சிமென்ட் வச்சு நிமித்தித் தர்றேன்னு நிக்கறாரு. பூட்டிட்டா என் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு எப்படிக் காட்டறது?

பதில்: பூட்டாதீங்க டீச்சர். சிமென்ட்டும் வேணாம். அந்தக் காசை அப்படியே பத்திரமா வச்சிருக்கச் சொல்லுங்க, கான்ட்ராக்டருக்கு ஒரு ரூபா அட்வான்ஸ் போயிடக் கூடாது.

உங்க ஊர்ல இருக்கறது கல்திட்டை, பெருங்கற்காலத்து ஈமச்சின்னம், அதாவது செத்தவங்களுக்காகப் பெரிய கல்லு வச்சுக் கட்டினது. நாலு பக்கமும் பலகைக்கல், மேல ஒரு மூடுகல், ஒரு பக்கத்துக் கல்லுல வட்டமா ஓட்டை. இதுல சாந்து கிடையாது, ஆணி கிடையாது, ஒரு கல்லை இன்னொரு கல்லு அண்டக் குடுத்து, மூடுகல் தன் எடையால எல்லாத்தையும் அழுத்திப் பிடிச்சிருக்கு, அடியில சுத்திப் போட்ட மண்ணும் சல்லியும்தான் அதுக்குக் கால். ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல அப்படியே நின்னிருக்கு. இப்ப அஞ்சு பேரு மேல ஏறினா எடை ஒரு ஓரமாப் போகுது, கீழ நூறு பேரு அதே இடத்துல மிதிச்சா புல்லு செத்து மண்ணு பொடியாகுது, அடுத்த மழையில அந்த மண்ணு கரைஞ்சு ஓடுது, கல்லு கால் வெறுமையாகி சாயுது. உங்களோடது சாஞ்சதும் அனேகமா இப்படித்தான் இருக்கும். ஆள் வர்றதுல தப்பு இல்ல, அவங்க கால் எங்க படுதுங்கறதுதான் பிரச்சினை.

வேலி ஏன் வேணாம்ங்கறேன்னா, கம்பி நட எட்டு அடிக்கு ஒரு குழி, ரெண்டடி ஆழம் தோண்டுவாங்க. ஈமக்காடுங்கறது கண்ணுக்குத் தெரியற கல்லோட முடியாது, பக்கத்துலயே மண்ணுக்குள்ள தாழி (செத்தவங்களை வச்சுப் புதைச்ச பெரிய மண்பானை) இருக்கும், மேல ஒரு அடையாளமும் இருக்காது. காப்பாத்தறோம்னு போய் கடப்பாரையால தாழியை உடைச்சுட்டு வருவோம். நான் ஒரு ஊர் கல்வட்டத்துக்கு (பழைய கல்லறையைச் சுத்தி வட்டமா வச்ச கல்லு) எச்சரிக்கை போர்டு வைங்கன்னு எழுதி எழுதி, மூணு வருசம் கழிச்சு ஒரு வழியா போர்டு வந்துச்சு, வந்தவங்க அதைக் கல்வட்டத்துக்கு நட்டநடுவுல குழி தோண்டி நட்டுட்டுப் போயிட்டாங்க. இதை யார்கிட்ட போய்ச் சொல்லி அழறது.

பூட்டறதுல இன்னொரு வம்பும் இருக்கு. சாவி யார்கிட்ட? ஆறு மாசத்துல பூட்டு துருப்பிடிக்கும், குடிக்க வர்றவன் கம்பியை வளைச்சு உள்ள போயிடுவான், பிள்ளைங்களோட வர்ற குடும்பம் மட்டும் வெளியவே நிக்கும். நல்ல ஜனங்க நாலு பேரு பகல்ல வந்து போற இடத்துல புதையல் தோண்டறவன் வர யோசிப்பான். ஜப்பான்ல தகமட்சுசூகான்னு ஓவியம் இருக்கற ஒரு கல்லறையை 1972-ல கண்டுபிடிச்சு, மூடி, மெஷின் வச்சு வெப்பநிலை எல்லாம் பாத்தாங்க, அப்பவும் உள்ள பூஞ்சை ஏறி, 2007-ல அந்தக் கல்லறையையே கல் கல்லாப் பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. மூடி வச்சா பத்திரம்ங்கறது நம்ம நினைப்புதான்.

நீங்க செய்ய வேண்டியது வழி போடறது. பழைய பெயின்ட் டப்பாவுல மண்ணு ரொப்பி கம்பு சொருகி, அதை அப்படியே தரை மேல வைங்க, தேங்கா நார்க் கயிறு கட்டுங்க. ஒரு துளி மண்ணு தோண்ட வேணாம். கல்லுல இருந்து பத்தடி தள்ளி நடக்கட்டும். ஒரே ஒரு கல்திட்டையை மட்டும், இருக்கறதுலயே உறுதியா நிக்கறதா பாத்து, கிட்டப் போய்க் குனிஞ்சு பாக்க விடுங்க, மத்ததெல்லாம் கயித்துக்கு வெளிய இருந்துதான். கும்பலா இல்லாம அஞ்சாறு பேரா, கூட ஊர்ப் பையன் ஒருத்தன். அயர்லாந்துல நியூகிரேஞ்ச் கல்லறைக்கு இன்னைக்கும் இப்படித்தான் சின்னச் சின்னக் குழுவா, வழிகாட்டியோடதான் உள்ள விடறாங்க. வழிக்கு ஓரம் கட்ட கல்லு வேணும்னு பசங்க அங்க கிடக்கற கல்லைப் பொறுக்குவாங்க பாருங்க, அதை முதல்ல நிறுத்துங்க, அது கல்வட்டத்துக் கல்லா இருக்கும்.

உள் பக்கச் சுவத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க. உங்க மாவட்டத்து மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகள்ல வெள்ளை நிறத்துல ஓவியம் இருக்கு, உங்க ஊர்லயும் இருக்கலாம். ஃபோட்டோவுல பளிச்சுன்னு தெரியணும்னு பாட்டில் தண்ணியை அது மேல ஊத்தறவங்க இருக்காங்க. ஊத்த ஊத்த நிறம் கரையும், உப்புப் பூக்கும், சில வருசத்துல ஒண்ணும் மிஞ்சாது. எழுதி வச்ச பேரை அழிக்கறேன்னு பசங்க தின்னர், ஆசிட், கம்பி பிரஷ்னு எடுத்துடப் போறாங்க, அது பேரு எழுதினதை விடக் கேடு, தொல்லியல் துறை ஆள் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். உள்ள நெருப்பு வச்சா கல்லு செதில் செதிலா உரியும், அதனால அடுப்பு எங்கயுமே கூடாது.

இப்ப அந்தக் கான்ட்ராக்டர். இந்த மாதிரி ஆளுங்க பேசறது எல்லாம் ஒரே பேச்சுதான், "ஆபீஸ்ல நம்ம ஆளு இருக்காரு, பெர்மிஷன் எல்லாம் நான் பாத்துக்கறேன்". அப்படி வாங்கித் தர்ற பெர்மிஷன்னு ஒண்ணு கிடையாது. சிமென்ட் வச்சா கல்லு அசைய இடம் இல்லாம விரிசல் விடும், ஈரம் வெளிய போகாம உள்ளயே நிக்கும், பின்னாடி பிரிச்செடுக்கவும் முடியாது. இன்னொரு கூட்டம் புதையல் கூட்டம். ஆதிச்சநல்லூர்ல நெத்தியில கட்டற தங்கப் பட்டம் கிடைச்சுதே, இங்கயும் இருக்கும்னு ஆசை காட்டுவாங்க. அது தாமிரபரணிக் கரையில இருக்கற தாழிக்காடு, உங்க கரட்டுல இருக்கறது தரைக்கு மேல நிக்கற கல்திட்டை, இதுல பலதும் எப்பவோ காலியானது. கிடைச்சா கறுப்பு சிவப்புப் பானை ஓடு, துருப்பிடிச்ச இரும்பு, எலும்புத் துண்டு, அதிர்ஷ்டம் இருந்தா ஒரு சூதுபவள மணி. பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சாலே கலெக்டருக்குச் சொல்லணும்னு 1878-லயே சட்டம் இருக்கு. மூணாவது ஆளு தலைக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு வேன்ல கூட்டிட்டு வர்றவன், அவன்கிட்ட கயித்தைக் காட்டிக் கறாரா பேசுங்க.

ஊர்ல ஒரு கேள்வி கட்டாயம் வரும், நாங்க கும்பிடற கல்லு ஆச்சேன்னு. இதைக் கொஞ்சம் நின்னு சொல்றேன், இதுலதான் சண்டை வரும். வழிவழியா நடக்கற வழிபாட்டை, பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கற 1958 மத்திய சட்டம் தடுக்கல, பாதுகாக்கப்பட்ட சின்னத்துலயே அதுக்கு இடம் உண்டு. தாத்தா காலத்துல இருந்து தை மாசம் பொங்கல் வச்சா அது தொடரட்டும். ஆனா பொங்கப் பானை கயித்துக்கு வெளிய வரட்டும், கற்பூரத்தைக் கல்லு மேல கொளுத்தாம ஒரு தட்டுல கொளுத்தட்டும், எண்ணெயைக் கல்லுல ஊத்தாம விளக்குல ஊத்தட்டும், மஞ்சளோ சுண்ணாம்போ கல்லு முழுக்கப் பூச வேணாம். இதைப் பெரியவங்ககிட்ட நீங்க பணிவா எடுத்துச் சொன்னா கேப்பாங்க, நான் பாத்திருக்கேன். போன வருசம் யாரோ புதுசா ஒரு சிலையைக் கொண்டு வந்து உள்ள சிமென்ட் வச்சு ஒட்டிட்டு சாமின்னு சொன்னா அது வழிவழி கிடையாது, அது இடம் பிடிக்கற வேலை. ரெண்டையும் ஒண்ணாப் பேசினா ஊரே உங்களுக்கு எதிரா நிக்கும், பிரிச்சுப் பேசுங்க.

எழுத்து வேலையும் உண்டு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் குடுத்து (கல்லுல எழுதாம நோட்டுல), நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்துத் தேதி போடுங்க, உங்க பிள்ளைங்களே செய்வாங்க. நிலம் புறம்போக்கா, வனமா, பட்டாவான்னு வி.ஏ.ஓ.கிட்ட கேளுங்க. ஆகஸ்ட் 15 கிராம சபையில தீர்மானம் போட்டு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல குடுத்து, ரசீது நம்பர் வாங்காம வராதீங்க. அந்த 1958 சட்டத்துல பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்சுட்டா சேதப்படுத்தறவனுக்கு ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில் இல்ல ஒரு லட்சம் ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டுமே கூட. 2010-ல திருத்தினது இது, ஆனா பல இடத்துல நீல போர்டுல இன்னும் மூணு மாசம், அஞ்சாயிரம் ரூபான்னு பழசே நிக்குது. ஒரு டப்பா பெயின்ட் வாங்கித் திருத்த இத்தனை வருசமா? அதனால மனுவைக் குடுத்துட்டுக் காத்திருக்காதீங்க, கயிறு இந்த ஞாயித்துக்கிழமையே கட்டிடுங்க.

சாஞ்ச கல்லை யாரும் தள்ளி நிமித்த வேணாம், முட்டுக் குடுக்கறேன்னு கட்டையும் வைக்க வேணாம், பிள்ளைங்க அந்தப் பக்கமே போகக் கூடாது. அடியில விரிசல் இருந்தா மாசம் ஒரு தடவை, நீங்களும் பெரியவர் ஒருத்தரும் மட்டும் பத்தடி தள்ளி நின்னு, ஸ்கேல் கட்டின நீளக் குச்சியை அவரை நீட்டிப் பிடிக்கச் சொல்லி, ஒரே இடத்துல இருந்து ஃபோட்டோ எடுங்க. விரிசல் வளருதா நிக்குதான்னு அதுல தெரிஞ்சிடும். முதல் ரெண்டு ஃபோட்டோவையும் மழை பிடிக்கறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க.