வாசகர் கேள்வி – பதில்: பாட்டின் சுருக்கமும் நியூட்ரானின் தடமும்

கேள்வி: ஒரு முழுப் பாடலிலிருந்து அரை நிமிடத் துண்டைக் கணினி தானாகவே எடுத்துத் தருகிறதே, முக்கியமான பகுதி எது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? பாட்டைத் தேடுவதும் இதே முறையில்தானா?

பதில்: கணினி பாட்டை ரசிப்பதில்லை, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டுமே பார்க்கிறது. பாடலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் 12 சுரத்தானங்களுள் எது எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்பதை, ஸ்தாயி வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல், முதலில் கணக்கிடுவார்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் மற்றெல்லாத் துண்டுகளோடும் ஒப்பிட்டு ஒரு சதுரக் கட்டத்தில் குறித்தால், பல்லவி மீண்டும் வருகிற இடங்கள் மூலைவிட்டத்துக்கு இணையான கோடுகளாகத் தெரியும். நீளமாகவும் அடிக்கடியும் தென்படும் கோட்டுக்குரிய பகுதியே சுருக்கமாகிறது. ஒரே ஒருமுறை வந்து மனத்தை அள்ளும் ஆலாபனை இதில் விடுபட்டுப்போகும் என்பது என் மனக்குறை.

தேடலின் வழி வேறு. 2002-இல் பிரிட்டனில் தொலைபேசிச் சேவையாகத் தொடங்கிய, ஒலிக்கும் பாட்டு எது என்று கண்டுசொல்லும் ஷசாம், ஒலியின் அலைவெண் வரைபடத்தில் உச்சப் புள்ளிகளை மட்டும் பொறுக்கி, அவற்றை இரண்டிரண்டாக இணைத்து, இரு அலைவெண்களையும் இடைப்பட்ட நேரத்தையும் ஓர் எண்ணாக்கித் தேடுகிறது. சுற்றிலும் கூச்சல் இருந்தாலும் உச்சங்கள் சில தப்பிவிடும் அல்லவா? ஆனால் அதே ஒலிப்பதிவைத்தான் இது அடையாளம் காணும். நாம் முணுமுணுப்பதை வைத்துத் தேட, மெட்டின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிடும் வேறு முறை வேண்டும்.

கேள்வி: மின்பகுப்புப் பிளாஸ்மாவிலிருந்து நியூட்ரான் வெளிவந்ததாகச் சொல்லப்படுவதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: மின்பகுப்புக் கலத்தில் மின்னழுத்தத்தை 100 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தும்போது, எதிர்மின்வாயை நீராவிப் படலம் சூழ்ந்துகொண்டு, அதனூடே மின்னிறக்கம் நடந்து ஒளிர்வதையே மின்பகுப்புப் பிளாஸ்மா என்கிறோம், சரிபார்ப்பதிலுள்ள சிக்கலும் அந்த ஒளிர்விலேயே தொடங்குகிறது. அணுக்கருப் பிணைவின் அடையாளமாகத் தேடப்படும் நியூட்ரானுக்கு மின்சுமை இல்லாததால், அதை ஹீலியம்-3 வாயு நிரப்பிய குழாயில் விழுங்கவைத்து, அப்போது வெளிப்படும் 764 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை மின்துடிப்பாக எண்ணுவார்கள். பிளாஸ்மாவோ இடைவிடாமல் பொறி தட்டுவது. அதன் மின்காந்த இரைச்சல் கம்பி வழியே புகுந்து, அசலைப் போன்ற போலித் துடிப்புகளை உண்டாக்கிவிடும்.

எனவே வெறும் எண்ணிக்கையை நான் நம்பமாட்டேன். துடிப்புகளின் உயரப் பரவலில் 764-க்குரிய முகடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நியூட்ரானை விழுங்காத ஹீலியம்-4 குழாய் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, அதுவும் சேர்ந்து எண்ணினால் அது இரைச்சலே என்று தள்ள வேண்டும். துகள்கள் பட்டால் தடம் பதியும் சிஆர்-39 பிளாஸ்டிக் தகட்டுக்கு மின்னிரைச்சல் தொல்லை இல்லை என்றாலும், காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் ஆல்ஃபா துகள்களும் அதில் தடம் பதிக்கும். காற்றழுத்தம் குறைந்தால் கூடி, கூடினால் குறையும் காஸ்மிக் கதிர் நியூட்ரான்களையும் கழித்தாக வேண்டும்.

ஒரு கணக்கையும் நினைவில் கொள்ளுங்கள். கனநீரிலுள்ள கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தின் வழக்கமான அணுக்கருப் பிணைவு ஒரு வாட் வெப்பம் தந்தாலே நொடிக்குச் சுமார் 85,000 கோடி நியூட்ரான்கள் புறப்படும். கலத்தருகே நிற்பவருக்கு அது பேராபத்து. 1989-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர்கள் ஃபிளைஷ்மன், பான்ஸ் இருவரும் கனநீர் மின்பகுப்பில் மிகை வெப்பம் கண்டதாக அறிவித்தபோது, அதற்கு ஈடான நியூட்ரான்கள் எங்கே என்றுதான் இயற்பியலாளர்கள் முதலில் கேட்டார்கள்.