காது மடல் இல்லாமல் பிறந்த பிள்ளைகள்: ஒரு ஈ.என்.டி. டாக்டரின் பதில்கள்

காது மடல் சரியாக உருவாகாமல், நிலக்கடலை அளவு சதையாக மட்டும் இருப்பதை மைக்ரோஷியா என்போம். காதுத் துளையும் அடைத்திருந்தால் அது அட்ரீஷியா. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும், அதிலும் வலது பக்கம் அதிகம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மகள் பிறந்து 40 நாள். இடது காது மடலும் இல்லை, துளையும் இல்லை. எப்போது ஆபரேஷன் செய்யலாம்?

ஆபரேஷனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதல் வேலை பெரா டெஸ்ட், அதாவது காது கேட்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. குழந்தை தூங்கும்போது தலையில் ஒயர் ஒட்டி எடுப்பார்கள், வலியே இருக்காது. நன்றாக இருக்கும் வலது காதுக்கும் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். பார்க்க அழகாக இருக்கிற காது நன்றாகக் கேட்கிறது என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. 3 மாதத்துக்குள் கேட்கும் அளவு தெரிந்துவிட வேண்டும். குறை இருந்தால் 6 மாதத்துக்குள் காது கேட்கும் கருவி வந்துவிட வேண்டும். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.ஈ.ஐ.சி. என்று, குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் ஒரு மையம் இருக்கிறது, அங்கே போய் விசாரியுங்கள். தாடை ஒரு பக்கம் சிறுத்திருந்தால் சிறுநீரக ஸ்கேனும் எடுப்பது நல்லது. அப்புறம், வலது காதில் சளி, சீழ் என்று எது வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். அவளுக்கு இருக்கும் முழுக் காது அது ஒன்றுதான்.

கிரகணத்தன்று மருமகள் காய் நறுக்கினாள், அதனால்தான் பேரனுக்கு இப்படி என்கிறார்கள். உண்மையா டாக்டர்?

இல்லை அம்மா. மடல் உருவாகத் தொடங்குவது கருவின் ஆறாவது வார வாக்கில். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போது தெரிந்திருக்காது. முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் மாதிரி சில மாத்திரைகள் கருவின் காதைக் கெடுக்கும் என்பது உறுதியான விஷயம். மற்றபடி பெரும்பாலான குழந்தைகளில் காரணத்தைப் பிடிக்கவே முடிவதில்லை. அந்தப் பெண்ணை யாரும் பழி சொல்லாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காதும் இல்லை. காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்தால் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள்.

இந்தக் குழப்பம் எனக்கு வாராவாரம் வருகிறது. காக்ளியர் என்பது உட்காதுக்குள் வைக்கும் கருவி, உட்காது கெட்டுப்போனவர்களுக்கு. மைக்ரோஷியா பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு உட்காது நன்றாகவே இருக்கும், ஏனென்றால் கருவில் அது உருவாகிற இடமே வேறு. சத்தம் உள்ளே போக வழி இல்லாததுதான் இங்கே சிக்கல்.

காதைப் பொத்திக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள். சத்தம் எலும்பு வழியாகப் போய்ச் சேரும். எலும்புவழிக் கருவியும் அப்படித்தான். சிறு குழந்தைக்கு அதை ஒரு மெத்தென்ற பட்டையில் கோத்துத் தலையைச் சுற்றிக் கட்டிவிடுவோம். ஐந்து வயது வாக்கில் மண்டை ஓடு தடித்த பிறகு டைட்டானியம் திருகு வைத்து அதில் மாட்டலாம். ஸ்வீடனில் 1977-லேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் பிள்ளைக்குப் பட்டை இன்றைக்கே வேண்டும். மடல் பத்து வருடம் காத்திருக்கும், பேச்சு காத்திருக்காது.

விலா எலும்பிலிருந்து காது செய்கிறார்களாமே? பையனுக்கு 6 வயது. பிளாஸ்டிக் காது நல்லதா, இது நல்லதா?

எலும்பு இல்லை, விலாவின் நுனியில் இருக்கும் குருத்தெலும்பு. நல்ல காதின் மேல் எக்ஸ்ரே ஃபிலிமை வைத்து வரைந்து, அதைத் திருப்பிப் போட்டு அளவு எடுப்போம். ஆறாவது முதல் ஒன்பதாவது வரையிலான விலாக்களின் குருத்தை எடுத்துச் செதுக்கி, மெல்லிய கம்பியால் கட்டி, தோலுக்கு அடியில் வைப்போம். தச்சு வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாதங்கள் கழித்து இரண்டாவது ஆபரேஷனில் காதைத் தலையிலிருந்து தூக்கி நிறுத்துவோம். ஜப்பானைச் சேர்ந்த நகாட்டா என்ற டாக்டரின் முறை இது. 10 வயதும், 60 செ.மீ. மார்புச் சுற்றளவும் ஆன பிறகு செய்வார். அமெரிக்காவில் டாக்டர் பிரெண்ட் 6 வயதிலேயே தொடங்குவார், ஆனால் கட்டங்கள் அதிகம். ஆபரேஷன் முடிந்த பிள்ளைகள் காது வலிக்கிறது என்பதைவிட நெஞ்சு வலிக்கிறது என்றுதான் அழுவார்கள்.

நீங்கள் பிளாஸ்டிக் என்பது மெட்போர், துளைகள் நிறைந்த பாலிஎத்திலீன். 3, 4 வயதிலேயே வைக்கலாம், விலாவைத் தொட வேண்டாம், பெரும்பாலும் ஒரே ஆபரேஷன். ஆனால் ஓர் அடி பட்டுத் தோல் பிரிந்து உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால், திரும்ப மூடுவது பெரும்பாடு. எனக்கு விலாக் காதுதான் பிடிக்கும். சொந்தச் சதை, காயம் பட்டாலும் ஆறும். இன்னும் மூன்று நான்கு வருடம் பொறுக்கலாம். பள்ளியில் கேலி தாங்க முடியவில்லை, பையனே கேட்கிறான் என்றால் கணக்கு வேறு.

துளையைத் திறந்துவிட்டால் கருவியே வேண்டாமா?

சிலருக்கு அப்படி. சி.டி. ஸ்கேன் பார்த்து 10-க்கு மதிப்பெண் போடுவோம். நடுக்காதில் இருக்கும் குட்டி எலும்பான அங்கவடி இருந்தால் மட்டும் 2, காதின் மற்ற பாகங்களுக்கு ஒவ்வொன்று. 5-ம் அதற்குக் கீழும் என்றால் நான் கத்தியை எடுக்க மாட்டேன். முக நரம்பு இந்தப் பிள்ளைகளுக்கு இடம் மாறி ஓடும், பட்டால் முகம் கோணிவிடும். நல்ல மதிப்பெண் வந்தாலும் புதுத் துளை மறுபடி சுருங்கலாம், ஆயுசுக்கும் சுத்தம் செய்ய வர வேண்டியிருக்கும். விலாக் காது வைப்பதாக இருந்தால் துளையை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். தழும்பு விழுந்த தோல் குருத்தைச் சரியாகப் போர்த்தாது.

எனக்கு 24 வயது. இனிமேல் முடியுமா?

முடியும். வயது ஏற ஏறக் குருத்து கெட்டியாகிச் செதுக்கக் கஷ்டமாகும், அதனால் யோசிப்பதைச் சீக்கிரம் யோசியுங்கள். கத்தியே வேண்டாம் என்றால் சிலிகோன் காது இருக்கிறது. தோல் நிறத்துக்கே செய்வார்கள், ஒட்டியும் வைக்கலாம், எலும்பில் திருகு வைத்தும் மாட்டலாம். சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஒரு வயதில் காது குத்து வைத்திருக்கிறோம். மகளின் அந்தச் சின்னக் காதில் குத்தலாமா?

வேண்டாம். அந்தச் சதையைத்தான் நாளைக்குத் திருப்பி வைத்துக் காது மடலின் கீழ்ப்பகுதி ஆக்கப் போகிறோம். இப்போது ஒரு காதில் குத்தி மொய் வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் காது நன்றாக ஆறிய பிறகு, குருத்து இல்லாத அந்தக் கீழ்ச் சதையில் டாக்டரைக் கேட்டுக்கொண்டு இரண்டாவது தோடு போடலாம். மாமா அப்போது இன்னொரு ஜோடி எடுக்க வேண்டியிருக்கும்.