அரையிடுக்கு அரிப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

காரைக்குடிப் பக்கம் தோல் நோய் பார்க்கும் மருத்துவன் நான். நேரில் சொல்லக் கூசி எழுதிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஐயா, ஓட்டலில் சமையல் வேலை. தொடையிடுக்கில் வட்டம் வட்டமாகச் சிவந்து அரிக்கிறது. மருந்துக்கடைக் களிம்பு போட்டால் இரண்டே நாளில் அடங்குகிறது. விட்டால் முன்னைவிடப் பரவுகிறது. எட்டு மாதமாகிறது.

தாங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பூஞ்சையால் வரும் படர்தாமரையாகவே தோன்றுகிறது. அந்த டியூபைத் திருப்பி, குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களில் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் அதே வேளையில், பூஞ்சையை எதிர்க்கும் தோலின் ஆற்றலையும் அது அடக்கிவிடுவதால், வெளியே ஆறியதுபோல் தெரியும் இடத்தில் பூஞ்சை தடையின்றி வளர்கிறது. என்னிடம் வருபவர்களில் பலர் இந்தக் களிம்பைத் தடவி நோயை வளர்த்த பிறகே வருகிறார்கள் என்பது எனக்குப் பெரும் வருத்தம். 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தும் பழக்கம் மாறவில்லை.

களிம்பை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும். அப்போது பழையபடி அதையே எடுத்துவிடாதீர்கள். டெர்பினஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காத பூஞ்சை இந்தியாவில் இப்போது பரவியிருப்பதால், மாத்திரை எது, எத்தனை வாரம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தோல் தெளிந்த பிறகும் அவர் சொல்லும் நாள்வரை மருந்தைத் தொடருங்கள். கால்விரல் இடுக்கிலும் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஜட்டி மாட்டும்போது அங்கிருந்து அது மேலே ஏறலாம். வியர்த்த துணியை உடனே மாற்றி, துண்டைத் தனியாக வைத்து, துவைத்ததை நல்ல வெயிலில் உலர்த்துங்கள்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறேன். விதைப்பையில் மட்டும் அரிப்பு. சொறிந்து சொறிந்து தோல் தடித்துவிட்டது. வட்டம் எதுவும் இல்லை.

படர்தாமரை பெரும்பாலும் விதைப்பையை விட்டுவிடும். ஆகவே இது வேறு. சிமெண்டு படிந்த கையோடு தொடுவதும் சொறிவதும் தோலை எரிச்சலூட்டுகின்றன. சொறியச் சொறியத் தோல் தடிக்கிறது, தடிக்கத் தடிக்க மேலும் அரிக்கிறது. சிறுநீர் கழிக்கப் போகும் முன்பே கையைக் கழுவுங்கள், தம்பி. டெட்டால், வாசனைச் சோப்பு, பவுடர் ஆகியவற்றை விட்டுவிட்டு வெறும் தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெயோ வாசலினோ மெல்லத் தடவினால் போதும். அரிக்கும்போது குளிர்ந்த ஈரத்துணியை வைத்து, நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். முன்கைத் தோலைவிடச் சுமார் 40 மடங்கு ஸ்டீராய்டை விதைப்பைத் தோல் உறிஞ்சும் என்று அளந்திருக்கிறார்கள். எனவே அங்கே எந்த மருந்துக் களிம்பையும் தாமாகத் தடவக் கூடாது.

தேவகோட்டை, வயது 62. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்லோசின் தொடங்கிய பின் ஆண்குறி நுனித்தோல் சிவந்து வெள்ளையாகப் படிகிறது, வெடிக்கிறது.

அந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் அங்கே கேண்டிடா பூஞ்சை வளர வாய்ப்பு அதிகம். தாமாக நிறுத்திவிடாமல், மருந்து எழுதியவரிடம் இதைச் சொல்லுங்கள், அண்ணே. ஒவ்வொரு முறையும் கழுவி ஈரத்தை ஒற்றி எடுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் (HbA1c) பாருங்கள். தோல் பின்னே போகாமல் இறுகினாலோ, சிறுநீர் கழிக்க வலித்தாலோ நாள் கடத்தக் கூடாது.

விடுதியிலிருந்து வந்த மகனுக்கு அந்தரங்க இடத்தில் கட்டி கட்டியாக, இரவில் தூங்க விடாத அரிப்பு. இப்போது எங்களுக்கும்.

இது தோலுக்குள் புகும் நுண்ணிய பூச்சியால் வரும் சிரங்கு என்றே தோன்றுகிறது. உறுதி செய்தபின், அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பெர்மெத்ரின் 5% களிம்பைக் கழுத்து முதல் கால் வரை பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரத்தில் மறுமுறை பூச வேண்டும். ஆச்சியோ கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம்வரை அரிப்பு இருக்கலாம்.

பழனி பாதயாத்திரையில் தொடை உரசிப் புண்ணாகிறது. இதுவும் பூஞ்சையா?

அல்ல, உரசலும் வியர்வையும்தான். நடக்கும் முன் வாசலின் தடவி, வேட்டிக்குள் தொடை மறைக்கும் பருத்தி உள்ளாடை அணியுங்கள்.