வாசகர் கேள்வி – பதில்: 429 கோடியைத் தாண்டிய ஓர் எண்

கே: 4,29,49,67,297 பகா எண்ணா? 100-க்கு உட்பட்ட எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், எதிலும் மீதியின்றி வகுபடவில்லை. இன்னும் எதுவரை போவது?

ப: பகா எண் அல்ல, 641 × 67,00,417 என்று பிரிகிறது. வர்க்கமூலம் 65,536-ஐச் சற்றே தாண்டும். அதுவரை 6,542 பகா எண்கள் உண்டு. ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் எண் 2³² + 1. ஏதோ ஒரு பகா எண் இதை வகுக்கிறது என்று வையுங்கள். அந்தப் பகா எண்ணால் 2³²-ஐ வகுத்தால் மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. அதற்கு முன் எந்த அடுக்கிலும் 1 வராது, வந்திருந்தால் 2³²-க்கும் 1 வந்திருக்கும். கணிதர் ஃபெர்மாவின் சிறு தேற்றம் சொல்வது: ஒற்றைப்படைப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்து 2-க்கு அடுக்காக வைத்தால், அந்தப் பகா எண்ணால் வகுக்க மீதி 1. எனவே அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64-ஆல் வகுபட்டே தீரும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641... ஐந்தாவது வகுத்தலிலேயே வேலை முடிந்தது. இதைப் பகா எண் என்று நம்பியவர் அதே ஃபெர்மாதான்! இல்லை என்று 1732-இல் காட்டியவர் கணிதர் ஆய்லர்.

கே: இதே எண்ணுக்கு, 2-ஐ வைத்து ஃபெர்மா சோதனையை (எண்ணில் ஒன்றைக் கழித்து 2-க்கு அடுக்காக வைத்து, அந்த எண்ணாலேயே வகுத்து மீதி பார்ப்பது; பகா எண் என்றால் 1 வர வேண்டும்) நிரலாக எழுதினேன். ஒரு மொழியில் மீதி 1, இன்னொன்றில் 0. எது சரி?

ப: 1 தான் சரி. ஆனால் அதை நம்பி இது பகா எண் என்று முடிவு கட்டாதீர்கள். 2⁶⁴-க்கே மீதி 1 வந்துவிடுகிறது. சோதனையின் அடுக்கான 2³², 64-இன் மடங்கு. ஆகவே 1 வந்துதான் ஆகும். 0 வந்தது 64 பிட் எல்லையால். 2³²-ஐ வர்க்கப்படுத்தும் படியில் 2⁶⁴ வருகிறது. 64 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண்ணைவிட அது ஒன்றே ஒன்று அதிகம், அதனால் 0 ஆகிவிடுகிறது. (32 பிட் மாறியில் என்றால் உங்கள் எண்ணே 1 ஆகிவிடும்.) பெரிய முழுஎண் வகையை எடுத்துக்கொண்டு, 2-க்குப் பதில் 3-ஐ வையுங்கள். மீதி 302,90,26,160 வரும். 1 இல்லை, ஆக இது பகு எண்.

கே: 65536² + 1² தவிர, வேறு இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் இதை எழுத முடியுமா?

ப: முடியும்: 62264² + 20449². இப்படி இரண்டு வழி கிடைத்தாலே பகு எண் என்று உறுதி. காரணிகளும் இதிலிருந்தே வரும். இரட்டைப்படையை இரட்டைப்படையோடும், ஒற்றைப்படையை ஒற்றைப்படையோடும் கழியுங்கள். மாற்றி இணைத்தால் கடைசியில் பாதியாக்க முடியாது. 65536 − 62264 = 3272; 20449 − 1 = 20448. இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) 8. வகுத்தால் 409, 2556. 409² + 2556² = 67,00,417. அடுத்து கூட்டுங்கள்: 1,27,800, 20,450. மீ.பொ.வ. 50. இப்போது 8, 50 இரண்டிலும் பாதி எடுத்தால் 4² + 25² = 641.

கே: 67,00,417 மேலும் பிரியாதா?

ப: பிரியாது. முதல் பதிலில் சொன்ன 64-ஐ 128 என்று இறுக்கலாம், ஏனெனில் இந்தப் பகா எண்களுக்கெல்லாம் 2 ஒரு வர்க்க மீதி (ஏதோ ஒரு வர்க்கத்தை அவற்றால் வகுத்தால் மீதி 2 வரும்). வர்க்கமூலமான 2588 வரை தேறுபவை 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 67,00,417-ஐ இவற்றால் வகுத்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622.