பாசலில் வேலை, வீடு எங்கே? கடை விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள்

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். இருவரும் ஜெர்மன் குடியுரிமை பெற்றவர்கள். எனக்குப் பாசலில் வேலை கிடைத்திருக்கிறது, மாதம் 7,500 பிராங், வருடத்துக்கு 13 சம்பளம். மனைவி இப்போது வேலைக்குப் போகவில்லை, பிள்ளைகளுக்கு 7 வயது, 4 வயது. பாசலிலேயே வீடு எடுப்பதா, ஜெர்மனிப் பக்கம் லொராக்கிலோ வைல் அம் ரைனிலோ இருந்துகொண்டு தினமும் போய்வருவதா? சுவிஸில் எல்லாமே இரட்டை விலை என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: இரட்டை விலை என்பது இறைச்சிக்குப் பெரும்பாலும் உண்மை. முடி வெட்டுவது, உணவகத்தில் சாப்பிடுவது போல மனித உழைப்புக்குக் கூலி கொடுக்கும் எதற்கும் ஏறக்குறைய உண்மை. ஆனால் கைபேசி, மடிக்கணினி மாதிரிச் சாமான்களில் வித்தியாசம் அவ்வளவு இல்லை, ஏனென்றால் அங்கே விற்பனை வரி 8.1 சதவீதம்தான், ஜெர்மனியில் 19. அதோடு நீங்கள் பாசலில் இருந்தாலும் கடைக்கு ஜெர்மனிக்கே போகலாம், எல்லாரும் போகிறார்கள். 8ஆம் நம்பர் டிராம் 2014 முதல் வைல் அம் ரைன் வரை ஓடுகிறது. சனிக்கிழமை அதில் ஏறிப் பாருங்கள், தள்ளுவண்டிப் பை இல்லாத ஆளைக் காண்பது கஷ்டம்.

இதற்குக் கணக்கு உண்டு. 2025 ஜனவரியிலிருந்து ஓர் ஆள் ஒரு நாளில் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய சாமானின் மதிப்பை 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைத்துவிட்டார்கள். தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுவதற்கும் சுவிஸ் வரி கட்ட வேண்டும். இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோதான், ஆட்டிறைச்சியும் அதில் சேர்த்தி. அதற்கு மேல் பத்துக் கிலோ வரை ஒவ்வொரு கிலோவுக்கும் 17 பிராங். பிறந்தநாள் விருந்துக்கு மொத்தமாக வாங்கி வரலாம் என்று நினைத்தால் எல்லையில் லாபம் கரைந்துவிடும். மறுபுறம், சுவிஸ் வதிவிட அனுமதி இருப்பவர் ஜெர்மன் கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால், சுங்கத்தில் முத்திரை குத்திய பச்சைச் சீட்டைக் காட்டி ஜெர்மன் வரியைத் திரும்பப் பெறலாம். லொராக்கில் குடியிருந்தால் இந்தச் சலுகை இல்லை. ஆகவே சாப்பாட்டுச் செலவை இந்த முடிவிலிருந்து தூக்கி வெளியே வைத்துவிடுங்கள்.

டிராமில் கொண்டுவர முடியாதவைதான் விஷயம்: வாடகை, மருத்துவக் காப்புறுதி, வருமான வரி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு.

அதற்கு முன் சம்பளச் சீட்டைப் பற்றி ஒன்று. ஜெர்மனியில் கையில் வரும் தொகை என்றால் மருத்துவக் காப்புறுதி கழித்து வந்தது. சுவிஸ் சீட்டில் ஓய்வூதிய நிதிக்கு 5.3, வேலையின்மைக் காப்புறுதிக்கு 1.1 சதவீதம், அப்புறம் நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டம், விபத்துக் காப்புறுதி என்று கழிப்பார்கள், மருத்துவக் காப்புறுதி அதில் இருக்கவே இருக்காது. அது தனியாக வீட்டுக்கு பில்லாக வரும். இரண்டு நாட்டு நிகரச் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பாசலில் குடியிருந்தால் மருத்துவக் காப்புறுதி தலைக்கு இவ்வளவு என்று வரும், வருமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வேலைக்குப் போகாத மனைவிக்கும் முழுத் தொகை. பாசல் நகரம் சுவிஸிலேயே கட்டணம் அதிகமான இடங்களில் ஒன்று. வருடத்துக்கு முதல் 2,500 பிராங் வரை மருத்துவச் செலவை நானே கட்டுகிறேன் என்று ஒத்துக்கொண்டால் மாதக் கட்டணம் குறையும், 300 என்று வைத்தால் ஏறும். எப்படிப் பார்த்தாலும் நாலு பேருக்கும் சேர்த்து மாதம் ஆயிரம் பிராங்குக்கு மேல் ஒதுக்கி வையுங்கள்.

லொராக்கில் இருந்தால் தேர்வு உங்களுடையது: ஜெர்மன் காப்புறுதியா, சுவிஸ் காப்புறுதியா. ஜெர்மன் பொதுக் காப்புறுதியில் மனைவியும் பிள்ளைகளும் இலவசமாகச் சேர்ந்துகொள்வார்கள், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சுவிஸ் முதலாளி தன் பங்கைக் கட்ட மாட்டார், பராமரிப்புக் காப்புறுதியோடு (முதுமையிலோ நோயிலோ பிறர் கவனிப்பு தேவைப்பட்டால் உதவுவது) சேர்த்து முழுவதும் உங்கள் தலையில், உங்கள் சம்பளத்துக்கு அது ஆயிரம் யூரோவைத் தாண்டும். சுவிஸ் காப்புறுதி எடுத்தால், எல்லை தாண்டி வேலைக்கு வருபவர்களுக்கென்று தனிக் கட்டணப் பட்டியல் இருக்கிறது, அதுவும் தலைக்கணக்குதான், வேலை இல்லாத மனைவியையும் பிள்ளைகளையும் அதே காப்புறுதியில் சேர்க்க வேண்டும். இரண்டு நாட்டு வைத்தியரிடமும் போகலாம் என்பது அதில் பெரிய வசதி. வேலை தொடங்கி மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், பிறகு மனம் மாறினால் எளிதில் மாற்ற முடியாது.

வாடகையில் ஜெர்மனிப் பக்கம் தெளிவாக மலிவு. பாசலில் குடும்பத்துக்கு ஏற்ற நாலறை வீடு 2,000 பிராங்குக்குக் கீழே அமைந்தால் அதிர்ஷ்டம். லொராக்கும் வைலும் இப்போது பழைய விலையில் இல்லை, பாசல் சம்பளக்காரர்கள் எல்லாரும் அங்கேதானே தேடுகிறார்கள், இருந்தாலும் சில நூறு யூரோ மிஞ்சும். விளம்பரத்தில் பார்க்கும் ஜெர்மன் வாடகையில் சூடாக்கும் செலவு பெரும்பாலும் சேர்ந்திருக்காது, சில வீடுகளில் சமையலறை அலமாரி, அடுப்பு கூட இருக்காது, வெறும் சுவர்தான். பாசலில் சமையலறையோடு கிடைக்கும், ஆனால் துணி துவைக்கக் கட்டடத்தின் பொது அறைக்கு முறை வைத்துக் காத்திருக்க நேரலாம்.

இப்படி வாடகையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை ஜெர்மன் வரி அலுவலகம் வாங்கிக்கொள்ளும். தினமும் வீடு திரும்புகிற எல்லைப் பணியாளரிடம் சுவிஸ் அதிகபட்சம் 4.5 சதவீதம்தான் பிடிக்கலாம் (வதிவிடச் சான்றிதழை முதலாளியிடம் கொடுத்தால்), மீதி முழுவதும் ஜெர்மனி விகிதத்தில் ஜெர்மனிக்கு. சுவிஸ் வரி ஜெர்மன் வரியைவிடக் குறைவு. தனி ஆளாக இருந்தால் இந்த வித்தியாசமே போதும், பேசாமல் பாசலுக்குப் போய்விடுங்கள் என்றிருப்பேன். ஒரே சம்பளத்தில் தம்பதி என்றால் ஜெர்மனி வருமானத்தை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்து வரி கணக்கிடும், அதனால் உங்களுக்கு அந்த அடி ஓரளவு தணியும். முதல் வருடம் மட்டும் கவனம்: முதலாளி ஜெர்மன் வரியைப் பிடிக்க மாட்டார், காசு கணக்கில் கொழுத்துக் கிடக்கும், அப்புறம் ஒரே பில்லாக வரும், கூடவே மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று முன்பணமும் கேட்பார்கள். மாதாமாதம் தனிக் கணக்கில் எடுத்து வையுங்கள்.

உங்கள் நாலு வயதுப் பிள்ளைக்குப் பாசலில் ஒரு பெரிய லாபம்: அங்கே இரண்டு வருட கிண்டர்கார்டன் கட்டாயக் கல்வியின் பகுதி, ஆகவே இலவசம். லொராக் இருக்கும் பாடன்-வூட்டம்பெர்க்கில் பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் பாசலில் பெரும்பாலும் காலை நேரம்தான், மத்தியானப் பராமரிப்புக்குக் காசு. மனைவி வீட்டில் இருக்கும்வரை அது பிரச்சினையில்லை.

என் கருத்து: மனைவி வேலைக்குப் போகாத இந்த நிலையில் லொராக் பக்கம் கொஞ்சம் மேல், பெரிய வித்தியாசமில்லை. அவரும் பாசலில் வேலை தேடப் போகிறார் என்றால் கணக்குத் திரும்பிவிடும், அப்போது பிரித்துக் கணக்கிடும் சலுகையில் லாபம் சொற்பம், பாசலின் குறைந்த வரி இருவருக்கும் கிடைக்கும். ஓரிரு வருடத்தில் அதுதான் திட்டம் என்றால் நேராகப் பாசலுக்கே போங்கள், ஏழு வயதுப் பிள்ளையை இரண்டு முறை பள்ளி மாற்றுவது எந்தப் பட்டியலிலும் வராத செலவு.

இதை இன்னொருவர் படித்துவிட்டுக் கிளம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: இதெல்லாம் ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இருப்பவர்களுக்கு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் ஜெர்மனியில் இருப்பவருக்கு எல்லைப் பணியாளர் அனுமதி வேண்டுமென்றால் ஜெர்மனியில் நிரந்தர வதிவிடம் இருக்க வேண்டும், எல்லைப் பகுதியில் குறைந்தது ஆறு மாதம் குடியிருந்திருக்க வேண்டும். ப்ளூ கார்டை (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய அனுமதி) மட்டும் நம்பி லொராக்கில் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.